அறுபத்து மூன்றாவது கேள்வி

கிளினிக்குகளைச் சோதிக்கிற அந்த ஆய்வாளர் ஆய்வுப் படிவத்தில் எதை எழுதினாலும் மை காய்வதற்குள் அது உண்மையாகிவிடும். இது அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரத்தில் தெரியவந்தது. ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில், 'பின்வாசல் உண்டா' என்ற கேள்விக்கு நேரே, முந்தைய நாள் வேறோர் இடத்தைப் பார்த்த நினைவில் 'இல்லை' என்று எழுதிவிட்டாள். பின்வாசல் வழியாக டீ குடிக்கப் போயிருந்த உதவியாளர் திரும்பி வந்தபோது அங்கே வெறும் சுவர் இருந்தது. காரை பெயர்ந்து, ஓரத்தில் பாசி பிடித்து, நாற்பது வருடமாக அங்கேயே நிற்கிற சுவர் மாதிரி இருந்தது. அவர் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே வந்தார். பல் மருத்துவர் புகார் எதுவும் கொடுக்கவில்லை, திருட்டுப் பயம் விட்டது என்றார். இன்னோர் இடத்தில் இரண்டு கழிப்பறைகளைக் கை தவறி மூன்று என்று எழுதினாள். மூன்றாவதில் சோப்பும் துண்டும்கூடத் தயாராக இருந்தன. அங்கிருந்து இலாகாவுக்கு நன்றிக் கடிதம் வந்தது. ஓய்வு பெற ஒன்றரை வருடமே பாக்கி இருந்த மேலதிகாரி அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பாத்து எழுதும்மா" என்று மட்டும் சொன்னார்.

அப்படியானால் எல்லா இடத்திலும் எல்லாம் சரி என்று எழுதிவிட்டுப் போகலாமே என்று இலாகாவில் கேட்காதவர்கள் இல்லை. அதையும் அவள் ஒரு தடவை செய்து பார்த்தாள். யாருமே கை கழுவாத ஒரு கிளினிக்கில் 'பணியாளர்கள் கை கழுவுகிறார்கள்' என்று எழுதினாள். அந்த நிமிடம் நான்கு பணியாளர்களும் எழுந்துபோய் கை கழுவத் தொடங்கினார்கள். மதியம் வரைக்கும் நிறுத்தவில்லை. தோல் வெளுத்துச் சுருங்கி, ஒருவர் அழுதுகொண்டே கழுவினார். நோயாளிகள் வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்து 'தேவைப்படும்போது மட்டும்' என்று சேர்த்த பிறகுதான் குழாய் நின்றது. அன்றிலிருந்து அவள் ஒரு வார்த்தை எழுதுவதற்கு முன்னால் அந்தப் பொருளை இரண்டு முறை தொட்டுப் பார்த்தாள். ஆய்வுக்கு மற்றவர்களுக்கு அரை நாள் ஆனால் அவளுக்கு ஒன்றரை நாள் ஆனது. இலாகாவிலேயே நேர்மையானவள் என்று பெயர் வாங்கினாள். பயம்தான் அவளை அப்படி வைத்திருந்தது என்பது அவள் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும்.

அவள் இந்த வேலைக்கு வந்ததே ஒரே ஒரு கிளினிக்குக்காக. அது ஒரு தெருமுனையில், மேலே டாக்டரின் வீடும் கீழே கிளினிக்குமாக இருந்த இரண்டு மாடிக் கட்டடம். முன்னால் காத்திருக்கும் அறை, அதில் சுவரோடு பன்னிரண்டு நாற்காலி, பக்கத்தில் மருந்தும் ஊசியும் வைக்கும் சின்ன அறை, உள்ளே டாக்டரின் அறை. டாக்டரை அந்த வட்டாரத்தில் எல்லோரும் கைராசிக்காரர் என்று சொல்வார்கள். அவர் நாடி பிடித்தாலே பாதிக் காய்ச்சல் இறங்கிவிடும் என்பார்கள். அவரும் அதை மறுத்துச் சொன்னதில்லை. அந்தக் கிளினிக்கில் அவள் ஆறு வருடம் நர்ஸாக இருந்தாள். காலையில் கதவைத் திறப்பதும் மாலையில் கொதிக்கவைத்த கருவிகளை எண்ணி மூடுவதும் அவள்தான்.

ஆறாவது வருடம் தடுப்பூசி மருந்து வைக்கும் ஃபிரிட்ஜின் கதவு ரப்பர் கிழிந்தது. உள்ளே வைத்த வெப்பமானி இரண்டு டிகிரியிலிருந்து எட்டுக்குள் காட்ட வேண்டும். அது பதினைந்து காட்டியது. அவள் டாக்டரிடம் சொன்னாள். பார்க்கலாம் என்றார். மறு வாரம் சொன்னாள். ஆள் வரச் சொல்லியிருக்கிறேன் என்றார். மூன்றாவது முறை, மருந்தையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்று அவள் சொன்னபோது அவர் சிரித்தார்.

"கொட்டிட்டு? நாளைக்கு வர்ற புள்ளைங்களுக்கு என்னத்தப் போடுவே? ஒண்ணும் ஆகாது. நீ அட்டவணைல நாலுன்னு எழுதிடு. ஆய்வுக்கு வர்றவன் தாளத்தான் பாப்பான், ஃபிரிட்ஜுக்குள்ள தலைய விட்டா பாக்கப் போறான்?"

அவள் எழுதினாள். காலையில் ஒரு நான்கு, மாலையில் ஒரு நான்கு. அறுபத்தொரு நாள் எழுதினாள். நடுவில் ஆய்வுக்கு வந்தவரும் டாக்டர் சொன்னபடியே தாளைத்தான் பார்த்தார். வரிசையாக நின்ற நான்குகளைப் பார்த்து, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்.

எதிர்த் தெருவில் சலவைக்கடை வைத்திருந்தவளின் ஏழு மாதப் பெண் குழந்தைக்கு அந்த ஃபிரிட்ஜிலிருந்துதான் ஊசி போட்டார்கள். கெட்டுப்போன மருந்து தண்ணீருக்குச் சமம். கக்குவான் இருமல் வந்து, பதினெட்டு நாள் இருமி, ஒவ்வொரு இருமலுக்குப் பின்னும் மூச்சை உள்ளே இழுக்கிற அந்தக் கூவலோடு, குழந்தை போய்ச் சேர்ந்தது. விசாரணை வைத்தார்கள். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார்கள். அட்டவணையை எடுத்து மேசைமேல் விரித்தார்கள். நூற்று இருபத்திரண்டு நான்குகளும் அவள் கையெழுத்தில் இருந்தன. டாக்டர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் பொண்ணு மாதிரி நெனச்சேன் சார், இப்படிச் செய்வான்னு தெரியாமப் போச்சு" என்றார். மூன்று முறை சொன்னேன் என்று அவள் சொன்னாள். எங்கே எழுதி வைத்திருக்கிறாய் என்று கேட்டார்கள். எங்கும் எழுதி வைக்கவில்லை. அதோடு முடிந்தது. மூன்று வருடம் நர்ஸ் வேலை பார்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள்.

அவள் வெளியே வந்தபோது நடைக்கூடத்தில் சலவைக்கடைக்காரி நின்றுகொண்டிருந்தாள். அடிப்பாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் அடிக்கவில்லை. நர்ஸின் வலது கையைப் பிடித்து, துணியில் கறை தேடுகிறவள் மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கைதானே நாலு நாலுன்னு எழுதிச்சு? இனிமே நீ எழுதறதெல்லாம் பலிக்கட்டும்டி. அப்பத் தெரியும் உனக்கு, எழுதறதுன்னா என்னன்னு."

பின்னாளில் நடந்ததற்கெல்லாம் இந்த வார்த்தைதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். இலாகாவின் கோப்புகளில் அப்படி எதுவும் இல்லை.

அந்த மூன்று வருடம் அவள் ஒரு பிஸ்கட் ஆலையில் பெட்டி ஒட்டினாள். வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பதற்றத்தில் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதிப்பவர்களின் பக்கத்தில் பகல் முழுக்க உட்கார்ந்து பழகியதால் எதற்கும் அதிர்ந்து போக மாட்டார். தெருவில் யாராவது ஜாடை பேசினால், கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வார், அவ்வளவுதான். தடை முடிந்ததும் அவள் நர்ஸ் வேலைக்குப் போகவில்லை. இரண்டு வருடம் படித்து, தேர்வு எழுதி, ஆய்வு இலாகாவில் சேர்ந்தாள். எதற்கு இந்த வேலை என்று நேர்முகத்தில் கேட்டபோது, ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டுப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று சொன்னாள். அவர்கள் அதை வேலையில் அக்கறை என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது வஞ்சம். காலையில் பல் துலக்கும்போது தொடங்கி விளக்கை அணைக்கும் வரை அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒரே நினைப்பு, அந்த டாக்டரின் அறைக்குள் படிவத்தோடு நுழைய வேண்டும் என்பதுதான்.

தன் கையின் வலு தெரிந்த அன்று அவள் முதலில் செய்தது பழிவாங்கல் இல்லை. வீட்டுக்கு வந்து, கதவைத் தாழிட்டு, ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து, குழந்தை உயிரோடு இருக்கிறது என்று எழுதப் பார்த்தாள். பேனா எழுதவில்லை. வேறு பேனா எடுத்தாள். ஒன்பது பேனா மாற்றினாள். மற்ற வரிகளில் வழுக்கிக்கொண்டு ஓடிய மை, அந்த ஒரு வரியில் மட்டும் இறங்க மறுத்தது. தாளில் பள்ளம்தான் விழுந்தது. வீட்டுக்காரர் வந்து தாளை மெதுவாக உருவி எடுத்தார். "ரிவர்ஸ் கியர் இல்ல போலிருக்கும்மா" என்றார். அவள் அன்று சாப்பிடவில்லை.

இலாகாவில் யாருக்கு எந்த இடம் என்பதைச் சுழற்சி முறையில் ஒதுக்குவார்கள். அந்தத் தெருமுனைக் கிளினிக் அவள் பட்டியலுக்கு வர ஒன்பது வருடம் ஆனது. அதற்குள் அவள் எழுநூற்றுச் சொச்சம் கிளினிக்குகளைப் பார்த்திருந்தாள். ஒவ்வோர் இடத்திலும், திரும்பி வரும் பஸ்ஸில், அந்த டாக்டருக்கு என்ன எழுதலாம் என்று மனசுக்குள் வாக்கியம் வாக்கியமாகச் செய்து பார்த்திருந்தாள். கூரை ஒழுகுகிறது, அவர் தலைக்கு மேல் மட்டும். அவர் கை நடுங்குகிறது. அவர் நாக்கில் பொய் ஏறினால் கொப்புளம் வருகிறது. ஒவ்வொன்றையும் கொஞ்ச நாள் வைத்திருந்து, போதாது என்று தூக்கிப் போட்டாள். பட்டியலில் அந்த முகவரியைப் பார்த்த அன்று அவள் பேனாவில் புது மை நிரப்பி வைத்தாள்.

கிளினிக்கில் எல்லாம் மாறியிருந்தது. தரையில் முகம் பார்க்கலாம். கை கழுவும் இடத்தில் முழங்கையால் திறக்கிற குழாய். வரவேற்பு மேசையில் டாக்டரின் கொழுந்தியாள், எல்லாக் கோப்புகளையும் நிறம் பிரித்து அடுக்கி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்காருகிறவள் மாதிரி நிமிர்ந்து இருந்தாள். டாக்டருக்குத் தலை நரைத்திருந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். ஆய்வாளர் எதிர்பார்த்தது பயம். அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"அட, நம்ம வீட்டுப் பொண்ணு! எவ்வளவு பெரிய ஆளாயிட்டே. பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதம்மா. நான் உன்னை அன்னிக்கே மன்னிச்சுட்டேன்."

பதினான்கு வருடத்தில் அவள் கற்பனை செய்யாத ஒன்றே ஒன்று இதுதான். அவள் பையிலிருந்து படிவத்தை எடுத்து, முதல் கேள்வியிலிருந்து தொடங்கினாள்.

அறுபத்திரண்டு கேள்விகள். ஒன்றரை நாள். கருவிகள் கொதிக்கிற நேரத்தை இரண்டு முறை கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தாள். போட்டு முடித்த ஊசிகளைப் போடும் குப்பைப் பெட்டியைக் கவிழ்த்து எண்ணினாள். மாத்திரை அட்டைகளின் தேதியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து தோள்வரைக்கும் உள்ளே போனாள். புது ஃபிரிட்ஜ். ரப்பர் இறுகப் பிடித்தது. வெப்பமானி நான்கு காட்டியது. தன்னுடையதையும் உள்ளே வைத்து அரை மணி நேரம் காத்திருந்தாள். அதுவும் நான்கு காட்டியது. அட்டவணையைக் கொழுந்தியாள் கைப்பட எழுதியிருந்தாள், ஒரு நாள் நான்கு, ஒரு நாள் ஐந்து, மின்சாரம் போன நாளில் ஏழு, அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் காரணம். பொய் இல்லாத அட்டவணை எப்படி இருக்கும் என்று ஆய்வாளருக்குத் தெரியும். இப்படித்தான் இருக்கும்.

ஒரு குறைகூட இல்லை. அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றாள். நான்குக்கு முன்னால் ஒரு ஒன்று போட்டால் போதும், பதினான்கு. கதவு ரப்பர் கிழியும், மருந்தெல்லாம் கெடும், கிளினிக்குக்குப் பூட்டு விழும். வெளியே பன்னிரண்டு நாற்காலியும் நிரம்பியிருந்தது. இரண்டு பேர் மடியில் ஊசிக்கு வந்த குழந்தைகள். அவள் 'நான்கு' என்று எழுதினாள். எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள் என்று கொழுந்தியாள் பிற்பாடு சொன்னாள்.

கிளம்புவதற்கு முன் டாக்டரின் அறைக்குப் போய் நின்றாள்.

"டாக்டர், அன்னிக்கு நாலுன்னு எழுதச் சொன்னது யாரு?"

அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேசைமேல் சுருட்டி வைத்தார். "எதுக்கும்மா இப்போ அதெல்லாம்? நீயும் நல்லா இருக்கே, நானும் நல்லா இருக்கேன்."

"அந்தக் குழந்தை?"

"வருஷத்துக்கு எத்தனையோ குழந்தைங்க வருது. நான் எதைன்னு ஞாபகம் வெச்சுக்கறது?"

அறுபத்திரண்டு கேள்விக்குக் கீழே ஒரு கட்டம் உண்டு. பிற குறிப்புகள். ஆறு வரி எழுதலாம். படிவத்தை ஐந்து வேலை நாளுக்குள் ஒப்படைத்தால் போதும் என்பது விதி. அவள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, படிவத்தை மடித்து, தெருவைக் கடந்து நேராகச் சலவைக்கடைக்குள் போனாள்.

சலவைக்கடைக்காரி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைக்கவில்லை. ஆய்வாளர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ரப்பர் கிழிந்தது, மூன்று முறை சொன்னது, அவர் சிரித்தது, இன்றைக்கு மன்னித்துவிட்டேன் என்றது, எதையென்று ஞாபகம் வைத்துக்கொள்வது என்றது. சலவைக்கடைக்காரி ஒரு சட்டையின் கையை மடித்து, காலரை நீவி, அடுத்த சட்டையை எடுத்தாள். பேச்சு முடியும்போது ஏழு சட்டை ஆகியிருந்தது.

"இதை அன்னிக்கே ஏன் சொல்லல?"

"சொன்னேங்க. யாரும் கேக்கல. ஆனா எழுதினது என் கைதான். அதுல பொய்யில்ல."

"ம்." ஆவி சீறியது. "அவரு ஞாபகம் இல்லேன்னா சொன்னாரு?"

"ஆமா."

அப்போதுதான் ஆய்வாளர் தன் கையைப் பற்றிச் சொன்னாள். நடைக்கூடத்தில் இட்ட சாபம் பலித்துவிட்டதையும், பின்வாசல் சுவரானதையும், ஒன்பது பேனா எழுதாமல் போனதையும் சொன்னாள். சலவைக்கடைக்காரி இஸ்திரிப்பெட்டியை நிறுத்திவைத்தது அந்த ஒன்பது பேனாவுக்குத்தான். கொஞ்ச நேரம் கடைக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே கிளினிக்கின் கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"ஆறு வரி காலியா இருக்கு," என்றாள் ஆய்வாளர். "நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். கை விழணுமா, கண்ணு போகணுமா, எதுன்னாலும் சரி."

"கையும் வேணாம், கண்ணும் வேணாம். அதெல்லாம் போச்சுன்னா ஊரு அவருக்குச் சோறு ஊட்டும்." அவள் யோசித்தது அதிக நேரம் இல்லை. பதினான்கு வருடமாக அவளும் யோசித்துத்தான் வைத்திருந்தாள். "பதினெட்டு நாள் நான் கேட்டேன், அந்த இருமலை. காதைப் பொத்தினாலும் கேட்டுச்சு. இப்பவும் கேக்குது. அவரும் கேக்கட்டும்."

இருவரும் சட்டைகளை ஒதுக்கிவிட்டு இஸ்திரி மேசைமேல் படிவத்தை விரித்தார்கள். வார்த்தைகளை அளந்து எழுத வேண்டும் என்பது ஆய்வாளருக்குத் தெரியும். நோயாளிகளுக்கு ஒரு கெடுதலும் வரக் கூடாது, அது அவள் தொழில். ஒரு மணி நேரம் தனித் தாளில் அடித்துத் திருத்தி, கடைசியில் இப்படி எழுதினாள்: 'இம்மருத்துவர் எவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தாலும் முதலில் ஏழு மாதக் குழந்தையின் கக்குவான் இருமல் ஒரு முறை முழுமையாகக் கேட்கும். அது முடிந்த பின்னரே நோயாளியின் நெஞ்சு கேட்கும். அவருக்கு மட்டுமே கேட்கும். நோயாளிகளின் பாதுகாப்புக்கு இதனால் குறைவில்லை.'

மை இறங்கியது. ஒரு தடங்கலும் இல்லாமல், தாகத்தோடு இறங்கியது.

"உனக்கு?" என்றாள் சலவைக்கடைக்காரி.

ஆய்வாளர் பேனாவை மூடவில்லை. "சொல்லுங்க."

"வருஷா வருஷம் நீயே போகணும். அந்த இருமல் இன்னும் கேக்குதான்னு அவரைக் கேட்டு, கேட்டதை எழுதணும். உன் பட்டியல்ல இருந்து அந்த ஆஸ்பத்திரி எடுபடவே கூடாது."

அதையும் எழுதினாள். இருந்த ஆறு வரியும் சரியாக நிரம்பியது.

மறுநாள் காலை முதல் நோயாளி ஒரு தபால்காரர், சளிக்கு வந்தவர். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் எடுத்துவிட்டார். குழாயை உதறினார். மறுபடி வைத்தார். முகம் வெளுத்து, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். குழந்தையை யார் உள்ளே கூட்டிவந்தது என்று கத்தினார். குழந்தை எதுவும் இல்லை. அந்த வாரம் மூன்று ஸ்டெதாஸ்கோப் மாற்றினார். காது மருத்துவரிடம் போனார், காது நன்றாக இருந்தது. ஸ்டெதாஸ்கோப்பே வைக்காமல் வைத்தியம் பார்த்தார். நெஞ்சைப் பார்க்காமல் மருந்து எழுதுகிறார் என்று கொழுந்தியாளே இலாகாவுக்குப் புகார் எழுதிப் போட்டாள். அவள் அப்படிப்பட்டவள். இலாகா எச்சரித்தது. அவர் மறுபடி வைத்தார். ஒரு நாளைக்கு நாற்பது நோயாளி என்றால் நாற்பது முறை. இடைவிடாத பத்துப் பதினைந்து இருமல், பிறகு அந்தக் கூவல், பிறகு ஒரு சின்ன அழுகை, பிறகுதான் தபால்காரரின் சளி.

முதல் வருடம் ஆய்வாளர் போனபோது அவர் மிரட்டினார். இருமல் கேட்கிறதா என்றாள். கேட்கவில்லை என்றார். அவள் படிவத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, தன் நெஞ்சைக் காட்டி, வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். அவர் வைத்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடினார். கூவல் வரும் இடத்தில் அவர் இமை துடித்தது. அவளுக்கு அது தேன் குடித்த மாதிரி இருந்தது என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் சாப்பாட்டைத் தட்டில் அளைந்துகொண்டு, "வஞ்சம் தீந்துச்சா?" என்று கேட்டார். "இல்ல. இன்னும் பசிக்குது" என்றாள். அவர் அதிர்ந்து போகவில்லை.

இரண்டாவது வருடம் அவர் காரணம் கேட்டார். அவள் சொன்னாள். ஆறு வரியையும் படித்துக் காட்டினாள். மூன்றாவது வருடம் டாக்டர் தானாகவே இலாகாவுக்குப் போய், ரப்பர் கிழிந்தது தனக்குத் தெரியும், நான்கு என்று எழுதச் சொன்னது தான்தான் என்று எழுதிக் கொடுத்தார். செய்தித்தாளில் வந்தது. மூன்று மாதம் கிளினிக் மூடியிருந்தது. பழைய உத்தரவை ரத்து செய்து, ஆய்வாளர் பெயரில் களங்கம் இல்லை என்று முத்திரை வைத்துக் கடிதம் அனுப்பினார்கள். ஜாடை பேசியவர்கள் வீட்டுக்கே வந்து அப்பவே தெரியும் என்றார்கள். வீட்டுக்காரர் கடிதத்தைக் கார் டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் சுற்றினார். கைராசி என்ற பேச்சு நின்றது. ஆனாலும் வேறு டாக்டர் அந்தப் பக்கத்தில் இல்லை. கதவு மறுபடி திறந்ததும் ஜனங்கள் வந்தார்கள். அவர் பார்க்கும் வைத்தியம் முன்னைவிட நன்றாகவே இருந்தது. யாருக்கும் மருந்தை அவசரப்பட்டு எழுதவில்லை.

உண்மை வெளிவந்தால் நின்றுவிடும் என்று அவர் நம்பியிருந்தார். நிற்கவில்லை. படிவத்தில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை.

நான்காவது வருடம் ஆய்வாளரோடு சலவைக்கடைக்காரியும் வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு டாக்டருக்கு எதிரே உட்கார்ந்தாள். டாக்டர் மெலிந்திருந்தார். ஆய்வாளரைப் பார்த்துத்தான் பேசினார்.

"நான் ஒத்துக்கிட்டேன்ல? ஊரறியச் சொல்லிட்டேன்ல? நீ எழுதினா நடக்கும். கேக்கலன்னு ஒரே ஒரு வார்த்தை எழுதும்மா. நின்னுடும். உன் காலைப் பிடிக்கறேன்."

"இப்போ கேக்குதா டாக்டர்?"

"கேக்குது. அதானே சொல்றேன்."

"கேக்குறதக் கேக்கலன்னு என்னை எழுதச் சொல்றீங்களா?"

ஆய்வாளர் 'கேட்கிறது' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டாள். இருபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவான காலத்தில் அன்றுதான் அவளுக்கு வயிறு நிறைந்தது. அன்று வீட்டுக்குப் போய் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

சலவைக்கடைக்காரி எழுந்திருக்கவில்லை. ரவிக்கைக்கு மேல் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு, "என் நெஞ்சுல வெச்சுப் பாருங்க" என்றாள். டாக்டர் வைத்தார். தனக்கு எதுவும் கேட்காது என்பது அவளுக்குத் தெரியும். அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு, "சொல்லுங்க, எப்படி இருக்கா?" என்றாள். அவர் தயங்கினார். பிறகு, சொல்லத் தொடங்கினார். இப்போது இருமுகிறாள். ஏழு, எட்டு. நிறுத்துகிறாள். மூச்சு இழுக்கிறாள். அழுகிறாள், கொஞ்சமாக. அடங்கிவிட்டாள். "சரி" என்று அவள் எழுந்து கடையைப் பார்க்கப் போனாள். அதிலிருந்து வாரம் தவறாமல், செவ்வாய்க்கிழமை கடை திறப்பதற்கு முன்னால் வருகிறாள். வரிசையில் அவளுக்கு முன்னால் யாரும் உட்காருவதில்லை. ஒரு வார்த்தைகூட அவரைத் திட்டியதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை என்று டாக்டர் கொழுந்தியாளிடம் சொல்லியிருக்கிறார்.

ஆறாவது வருடம் இலாகா படிவத்தைப் புதிதாக அச்சடித்தது. ஒவ்வோர் ஆண்டும் பிற குறிப்புகளில் அதே விஷயத்தை எழுதி இடம் போதாமல் தனித்தாள் ஒட்டி அனுப்புவதைப் பார்த்த புது மேலதிகாரி, ஒழுங்குக்காக அதை அறுபத்து மூன்றாவது கேள்வியாகச் சேர்த்துவிட்டார். 'இருமல்: கேட்கிறது / கேட்கவில்லை / பொருந்தாது.' மற்ற கிளினிக்குகளில் எல்லோரும் பொருந்தாது என்பதில் டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போகிறார்கள். இது என்ன கேள்வி என்று பயிற்சிக்கு வருகிறவர்கள் கேட்டால், ஓர் இடத்தில் தேவைப்படுகிறது என்று சொல்கிறார்கள். அந்த வட்டாரத்து நோயாளிகளுக்கும் பழகிவிட்டது. சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு, டாக்டர் கண்ணை மூடி நிற்கும் அந்த ஒன்றரை நிமிடத்துக்குக் கையில் ஏதாவது வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒருவர் குறுக்கெழுத்துப் போடுகிறார்.

போன மாதம் அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண்மணி, மூச்சு வாங்குகிறது என்று வந்தவர், ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக்கொண்டு டாக்டர் அசையாமல் நிற்பதைப் பார்த்துப் பயந்து, தனக்குத்தான் ஏதோ பெரிய வியாதி என்று நினைத்து, வாசலில் கோப்போடு நின்ற கொழுந்தியாளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் பயப்படாதீங்கம்மா," என்றாள் கொழுந்தியாள். "குழந்தை இருமி முடிக்கட்டும். அப்புறம் உங்களைப் பாப்பாரு."

அந்தப் பெண்மணி தலையை ஆட்டிவிட்டு, கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டு, காத்திருந்தார்.